சொப்பனத்துக்கு வராதவள்

கடியப்பட்டணத்திலிருந்து எங்கள் பக்கம் மீன் கொண்டுவரும் அம்மாளுக்கு என் மனைவி சொப்பனத்தில் வந்தாள். சும்மா வரவில்லை. சாளை மீனுக்கு விலை பேசியிருக்கிறாள். இவர் சொன்ன விலை அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை. "நீயே வச்சுக் கறி வை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாளாம்.

"அப்படியே இருக்கா அண்ணே. அந்தப் பச்ச சேல. ஒரு மாத்தமும் இல்ல" என்று மீன்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அவள் செத்து அப்போது ஒரு வருடம் ஆகப்போகிறது. ஒரு நாள், ஒரு தடவை, அரை நிமிடம்கூட என் சொப்பனத்தில் அவள் வரவில்லை. புருஷனுக்கு வராதவள் மீன்காரிக்கு வந்து சாளைக்கு விலை பேசுகிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மீனே வாங்காமல் உள்ளே போய்விட்டேன். பாவம், அந்த அம்மாள் என்ன செய்வார்.

அவள் வராத வீடே இல்லை என்கிற மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவளுடைய தங்கை, என் கொழுந்தியாள், எங்கள் கிறிஸ்தவ சபையிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு அடிக்கடி வருவாள். வந்து கருப்பட்டிக் காப்பி கேட்பாள். பலாப்பழத் தகராறில் முகம் பார்க்காமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூட வந்து சிரித்துவிட்டுப் போயிருக்கிறாள். எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் கொஞ்ச காலத்துக்கு இதுதான் பேச்சு. சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரியே கேட்பார்கள், சொப்பனத்தில் வந்தாளா என்று. நான் இல்லை என்பேன். முதலில் பாவப்பட்டார்கள். நாள் போகப் போக அந்த 'இல்லை'யைக் கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

கொழுந்தியாள்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

"மனசுல கொற வச்சிட்டுப் போனவிய சொந்த ஆளுக்கு வரமாட்டாவ அத்தான். அக்காகிட்ட கடைசியா எதாவது மனசு நோவும்படி சொன்னியளா?"

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருடக் குடித்தனத்தில் மனசு நோகும்படி என்ன சொல்லவில்லை? அவளும் சொல்லுவாள், நானும் சொல்லுவேன், சாயங்காலம் கஞ்சிக்கு உட்காரும்போது இருவருக்கும் மறந்துபோயிருக்கும். எனக்கு மறந்துபோனது அவளுக்கும் மறந்துபோயிருக்கும் என்று எதை வைத்து நம்புவது? கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டினால் போதும். அந்த முகத்தைப் பார்த்தால் குறை இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

என் மகள் குவைத்தில் நர்ஸாக இருக்கிறாள். அவளிடம் போனில் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. வயசான காலத்தில் பெண்டாட்டி சொப்பனத்தில் வரவில்லை என்று மகளிடம் அழுகிறவனை என்னவென்று சொல்வது? ஆனாலும் ஒருநாள் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில் பேசினாள்.

"அப்பா, ஒறக்கம் ராத்திரி பூரா ஒரே மாதிரி இருக்காது. ரவுண்டு ரவுண்டா போவும். மொதல்ல வாறது ஆழமான ஒறக்கம். ஒடம்புக்க அசதிய தீக்கதுக்கு. அப்பவும் சொப்பனம் வரும், ஆனா துண்டு துண்டா வரும், எழும்பினா நெனப்பு இருக்காது. ரவுண்டு போகப் போக சொப்பனத்துக்க நேரம் கூடிட்டே போவும். ஆளுக்க மொகம் தெளிவா தெரியுத நீளமான சொப்பனம் எல்லாம் பெரும்பாலும் விடியப்போற நேரத்துல, வெளுப்பாங்காலத்துலதான். அந்த நேரத்துல நீங்க எங்க இருக்கிய?"

எங்கே இருப்பேன்? ரப்பர் மரத்தடியில் நிற்பேன்.

பேச்சிப்பாறை போகிற சாலையில் ஏறி இடது பக்கம் திரும்பினால் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் சரிவில் எங்கள் ரப்பர். அதில் பால் வெட்டுவதற்குக் கூலிக்கு ஆள் வைக்க எங்களுக்குக் கட்டாது. வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். அதனால் மூன்று மணிக்கு எழும்பி, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, கத்தியோடு இறங்கிவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவளும் நானும் அப்படித்தான். அவள் கட்டன் சாயா போட்டுத் தருவாள். நான் வெட்டிக்கொண்டே போவேன். நன்றாக வெளுத்தபின் அவள் வாளியோடு வந்து, மரத்தில் கட்டியிருக்கும் ஒவ்வொரு சிரட்டையாகப் பாலை ஊற்றி எடுப்பாள். அதை வடிகட்டி, ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளை மெஷினில் கொடுத்துத் தகடாக்கி, கொடியில் காயப்போடுவது அவள் வேலை. மத்தியானம் இருவரும் கொஞ்சம் கண்ணயர்வோம். இப்போது அவள் வேலையும் என் தலையில். மத்தியான உறக்கம் என்பதே இல்லை.

"அப்பம் அம்மா வாற நேரத்துல நான் வீட்டுல இல்ல. அதானே மக்களே?"

"அப்படி வச்சுக்கிடுங்க."

எனக்குக் கொஞ்சம் நெஞ்சு லேசானது. குறை இல்லை. நேரம்தான் ஒத்துவரவில்லை. போனை வைத்துவிட்டு அன்று நிறைய நேரம் நல்ல மனநிலையில் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். பிறகு வேறொன்று நினைவு வந்தது, அதோடு அந்த லேசும் போய்விட்டது.

அவள் போனது அந்த நேரத்தில்தான்.

அன்றைக்கு நான் எழும்பி லைட்டைப் போட்டபோது அவள் எழும்பவில்லை. "ஒடம்பு என்னமோ போல இருக்கு. இன்னைக்கு ஒருநாள் ஒறங்கிக்கிடட்டா?" என்று கேட்டாள். காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், இல்லை. "ஒறங்கு" என்றேன். சாயா நானே போட்டுக் குடித்துவிட்டு இறங்கிப் போனேன். வெளுத்தபிறகு வாளியோடு வருவாளா என்று ஒன்றிரண்டு தடவை மேலே பார்த்தேன். சரி, உறங்கட்டும் என்று நானே பாலையும் எடுத்துவிட்டு ஏறி வந்தேன். கன்னத்துக்குக் கீழே கையை வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கை குளிர்ந்திருந்தது. உறக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார்.

ஒன்றும் தெரிந்திருக்காதா? மகள் சொன்ன கணக்குப்படி சொப்பனம் கூடி வருகிற நேரம் அது. வாழ்நாள் முழுக்க மூன்று மணிக்கு எழும்பியவள், அன்று ஒருநாள்தான் வெளுப்பாங்காலம் வரை உறங்கினாள். அப்போது யாரைப் பார்த்தாள்? என்னைக் கூப்பிட்டாளா? நான் சரிவில் நின்று மரத்தைச் சீவிக்கொண்டிருந்தேன். இதை யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு எப்படியாவது வெளுக்கும்வரை உறங்கிவிட வேண்டும் என்பதே என் வேலையாகிவிட்டது. மரத்தில் இலை உதிர்ந்து கொழியும் காலத்தில் வெட்டை நிறுத்திவிடுவோம். அந்தக் காலத்துக்காகக் காத்திருந்தேன். சின்னப் பிள்ளைகள் பெரிய லீவுக்குக் காத்திருப்பதுபோல என்று சொன்னால் சிரிப்பீர்கள். முதல் நாள் ராத்திரி வேட்டி மாற்றி, ஜெபம் பண்ணி, அவள் தலையணையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன். மூன்று மணிக்குக் கண் திறந்துகொண்டது. அலாரம் இல்லை, கோழி இல்லை, ஒருவரும் கூப்பிடவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தேன். ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்க முடியும்? பள்ளிவாசலில் பாங்கு கேட்டது, பிறகு கோயிலில் ஸ்பீக்கர் போட்டார்கள், பிறகு எங்கள் சபை மணி அடித்தது. எல்லாம் கேட்டேன். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். இலை முழுக்கக் கொழிந்து தளிர் வந்து மறுபடி வெட்டும் ஆரம்பித்துவிட்டது.

மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கெட்ட சொப்பனம் வருது, நிறுத்துங்கன்னுதான் ஆளுங்க வருவாங்க. வரணும்னு கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான்."

என்றாலும் நல்ல மனுஷன். கொஞ்ச நாளைக்கு நன்றாக உறங்கிப் பாருங்கள் என்று ஒரு மாத்திரை எழுதித் தந்தார். அதைப் போட்ட ராத்திரி பெட்டியில் வைத்துப் பூட்டிய மாதிரி உறங்கினேன். எழும்பும்போது ஜன்னலில் வெயில். உள்ளே ஒன்றுமே இல்லை, கழுவிக் கவிழ்த்த பானை. மகளிடம் சொன்னதற்கு, "சில மாத்திரை ஒறக்கத்தத் தரும், சொப்பனத்தக் கொறைச்சிடும் அப்பா. அது வேண்டாம், டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன்.

அடுத்த யோசனையும் அவளுடையதுதான். "மூணு மணிக்கு எழும்புத ஆளு ஏழு மணிக்கே படுத்தா, கடைசி ரவுண்டுக்குக் கொஞ்சம் நேரம் கெடைக்கும்லா?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. குவைத்தில் இருந்துகொண்டு சொல்வது எளிது. எங்கள் ஊரில் ஏழு மணிக்கு ஒருவன் வீட்டு லைட்டை அணைத்தால் அது அவன் சொந்த விஷயம் இல்லை. அதுவும் பெண்டாட்டி செத்த வீட்டில். முதல் நாள் படுத்துக் கண் சொருகும்போது கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி, பலாப்பழக்காரி, கையில் பொடியரிக் கஞ்சியும் பயறும். "ஒடம்புக்கு என்ன? லைட்டக் காணேல்லியே, பயந்துபோனேன்" என்றாள். ஒன்றுமில்லை, உறங்கப் பார்த்தேன் என்றேன். ஏழு மணிக்கு உறங்குகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? மறுநாள் கொழுந்தியாளும் அவள் புருஷனும் வந்தார்கள். அதற்கடுத்த நாள் போதகரே வந்துவிட்டார், கூட பாட்டுப் பாட நாலைந்து பேரும். இருட்டில் தனியே கிடக்கும் சகோதரனுக்காக ஜெபம் பண்ணினார்கள். கண்ணை மூடி அவர் ஜெபம் பண்ணும்போது எனக்கு உறக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. உறங்கினால் வியாதி உறுதியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் போனபிறகு உறக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒருவார்த்தை கடுமையாகச் சொல்லவும் முடியவில்லை. எல்லோரும் அன்பினால் வந்தவர்கள். அந்த வாரத்தோடு ஏழு மணி யோசனையும் முடிந்தது.

இதைச் சொன்னபோது மகள் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சொன்னாள்: "இப்படி சொப்பனத்தத் தவற விட்டுக்கிட்டே இருக்குத ஆளுக்கு, எப்பமாவது கண்ணசந்தா நேரா சொப்பனத்துக்குள்ள போயிரலாம் அப்பா. ரவுண்டெல்லாம் வேண்டாம். நைட்டு டூட்டி முடிஞ்சு பஸ்ஸுல ஏறினா எனக்கு அப்படித்தான். எறங்கதுக்குள்ள அம்மாகிட்ட பேசி முடிச்சிருவேன்."

கடைசியாகச் சொன்னதை அவள் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். மகளுக்கும் அவள் வருகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். இவ்வளவு நாளும் என் மனம் கருதி மறைத்திருக்கிறாள்.

"நல்லா இருக்காளா?" என்று கேட்டேன்.

"இருக்கா அப்பா."

அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எதாவது குறை சொன்னாளா என்று நாக்கு நுனி வரை வந்து நின்றுவிட்டது.

இனி ஞாயிற்றுக்கிழமை பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நாங்கள் மரத்தைத் தொடமாட்டோம். ஆனால் உடம்புக்கு ஞாயிறு தெரியாது, மூன்று மணிக்கே எழுப்பிவிடும். ஆகவே ஆராதனையில் போதகர் பிரசங்கத்தைத் தொடங்குகிற நேரத்தில் எனக்குப் பாதி நாள் முடிந்திருக்கும். மேலே மின்விசிறி, ஜன்னலில் காற்று, ஒரே சீரான குரல். தலை தொங்கிவிடும். உறங்குவது மட்டுமென்றால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள், எனக்குக் குறட்டையும் உண்டு. எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவள் அந்தப் பக்கத்தில் நடைபாதையை ஒட்டி உட்காருவாள். என் தலை ஆடுவதைப் பார்த்ததும் ஒரு இருமல் இருமுவாள். தொண்டையில் ஒன்றும் இல்லாத வறண்ட இருமல், ஒன்றே ஒன்று. நூறு பேர் இருமினாலும் அது எனக்குத் தெரியும். சட்டென்று நிமிர்ந்து, வேதத்தில் எதையோ தேடுகிற மாதிரி பக்கத்தைப் புரட்டுவேன். அவள் போதகரைப் பார்த்துக்கொண்டிருப்பாள், ஒன்றும் தெரியாதவள்போல.

அவள் போனபின் சபையில் நான் உறங்கவில்லை. எழுப்ப ஆள் இல்லையே, குறட்டை விட்டு மானம் போகக்கூடாது என்று மலைக் கிராம்பு ஒரு சின்ன டப்பியில் கொண்டுபோவேன். பிரசங்கம் தொடங்கியதும் ஒன்றை எடுத்துக் கடைவாயில் கடித்துக்கொள்வேன். நாக்கு மரத்து, கண்ணில் நீர் வரும். உருக்கமாகக் கேட்கிறான் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

வீட்டில் உறக்கத்துக்கு அலைந்தவன், உறக்கம் தேடிவந்த ஒரே இடத்தில் கிராம்பைக் கடித்து அதை விரட்டிக்கொண்டிருந்தேன். இந்த மடத்தனம் எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு மழைக்கால ஞாயிறு. முந்தின நாள் காற்றில் இரண்டு மரம் ஒடிந்து, அதை வெட்டி மாற்றிய அசதி. சபையில் டப்பியைத் திறந்தால் காலி. போதகர், வேதத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்த நீதிமான் யோபுவின் கதையைத் தொடங்கியிருந்தார். யோபுவின் மாடுகள் போனது வரை கேட்டேன்.

ரப்பர் தோட்டத்தில் நிற்கிறேன். நன்றாக வெளுத்துவிட்டது. தலையில் துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் வாளியோடு அவள் எனக்கு முன்னால் போகிறாள். ஒரு மரத்தில் சிரட்டையை எடுத்து ஊற்றி, விரலால் வழித்துவிட்டு, அடுத்த மரத்துக்குப் போகிறாள். முதுகுதான் தெரிகிறது. வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிகிறது. இது சொப்பனம் என்பதும் தெரிகிறது. சத்தம் போட்டால் கலைந்துவிடும் என்று பயம், கூப்பிடாவிட்டால் போய்விடுவாள் என்றும் பயம். நான் நடக்கிறேன், மரங்களுக்கு இடையில் தூரம் குறையவில்லை. கடைசியில் வாயைத் திறந்து கூப்பிட்டேன், குரல் வரவில்லை. ஆனால் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். நின்றாள். வாளியைக் கீழே வைத்தாள். கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு மெதுவாக என் பக்கம் திரும்புகிறாள். கன்னம் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் திரும்பினால் முகம்.

இருமினாள்.

வறண்ட இருமல், ஒன்றே ஒன்று. நான் நிமிர்ந்துவிட்டேன். கை தானாகவே வேதத்தின் பக்கத்தைப் புரட்டியது. புரட்டியபடியே பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் இடத்தில், போன வருடம் கல்யாணமாகி வந்த ஒரு பெண் மடியில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். போதகர் யோபுவின் பிள்ளைகள் செத்த இடத்தில் இருந்தார். கண்ணை மூடிப் பார்த்தேன். மறுபடி மறுபடி மூடிப் பார்த்தேன். தோட்டமும் இல்லை, வாளியும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் என் முழங்கையைத் தொட்டு, சுகம்தானா என்று கேட்டார். எனக்குச் சத்தம் போட்டு அழ வேண்டும்போல் இருந்தது. பிரசங்கத்துக்கு நடுவில் அதையெல்லாம் செய்ய முடியுமா?

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது கொழுந்தியாள் வந்தாள். பெண்கள் பக்கத்தில் அவளும் நடைபாதை ஓரம்தான்.

"நீயா இருமின?" என்று கேட்டேன்.

"யாரும் இருமேல்லியே அத்தான். நீங்க ஒறங்கத பாத்து, அக்கா மாதிரி இருமலாமான்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்களே முழிச்சிட்டிய."

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் மகளைக் கூப்பிட்டேன். அவள் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா வந்தா மக்களே."

அந்தப் பக்கம் அவள் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "என்னப்பா சொன்னா? மொகம் எப்படி இருந்து?"

"மொகம் காணேல்ல. ஒண்ணும் சொல்லவும் இல்ல. எழுப்பி விட்டுட்டா."

டூட்டிக்கு நேரமாகியும் அவள் போனை வைக்கவில்லை.

"அன்னைக்கு அவ கேட்டப்போ நான் ஒறங்க விட்டேன் மக்களே" என்றேன். "என்னைய அவ ஒறங்க விடேல்ல."